பி.காம். முடித்த கையோடு ஸ்ட்ராட்டஜி எம்.பி.ஏ.வா? ஒரு அப்பாவுக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மகள் பி.காம். இறுதியாண்டு படிக்கிறார். வியூக மேலாண்மையும் (ஸ்ட்ராட்டஜி) தலைமைப்பண்பும் சிறப்புப் பாடமாக உள்ள எம்.பி.ஏ.வில் சேர ஆசைப்படுகிறார். கல்லூரி 9 இலட்சம் கேட்கிறது. கடன் வாங்கத் தயார், ஆனாலும் மனசு அடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு, அந்தக் கல்லூரியில், அந்தச் சிறப்புப் பாடத்தில் சேர்க்க வேண்டாம். மகளின் ஆசை நல்ல ஆசைதான். அதை அடைய வேறு வழி இருக்கிறது.

வியூகம் வகுப்பது எப்படிப்பட்ட வேலை என்று புரிய, ஓசூரில் வளர்ந்த டைட்டனைப் பாருங்கள். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் அதைத் தொடங்கியபோது, கைக்கடிகாரம் என்றாலே மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி.தான். பெரும்பாலும் சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்கள். டைட்டன் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. மணி பார்க்கும் கருவியாக இருந்ததை ஆசையாகப் பரிசளிக்கும் பொருளாக மாற்றியது, தனக்கென்று ஷோரூம்களைத் திறந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. எதைச் செய்வது, எதை விடுவது என்ற தேர்வுகளின் விளைவு தெரிய இத்தனை காலம் பிடிக்கிறது.

அதே நிறுவனம் சறுக்கிய கதையைத்தான் நான் மாணவர்களுக்கு அதிகம் சொல்வேன். 1990-களின் நடுவில் டைட்டனின் நகைப் பிராண்டான தனிஷ்க் வந்தது. முதலில் விற்றது 18 காரட் தங்கத்தில் கல் பதித்த நகைகள். நம் வீடுகளில் நகை என்பது அழகுக்கு மட்டுமா? அவசரத்துக்கு அடகு வைக்கவும், மகள் கல்யாணத்துக்கு அழித்துச் செய்யவும் உள்ள சேமிப்பு அது. 22 காரட் கேட்கும் வாடிக்கையாளருக்கு 18 காரட் ஒட்டவில்லை. சில ஆண்டுகள் நஷ்டம்தான். பிறகு 22 காரட்டுக்கு மாறினார்கள். காரட்மீட்டர் என்ற கருவியைக் கடைகளில் வைத்து, வாங்கும் மக்கள் தங்கள் பழைய நகையின் தரத்தைத் தாங்களே பார்க்கும்படி செய்தார்கள். வேறெங்கோ வாங்கிய நகையில் தங்கம் குறைவு என்று கண்ணெதிரே தெரிந்தபோது நம்பிக்கை இந்தப் பக்கம் திரும்பியது. இன்று டைட்டனின் வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்துதான் வருகிறது.

இந்த மாற்றத்துக்குத் தேவைப்பட்ட அறிவு கடைக்கு வரும் பெண்மணி எதற்குத் தயங்குகிறார் என்பதைக் கவனித்தவர்களிடம் இருந்தது. முடிவெடுத்தவர்கள் வந்த பாதையையும் பாருங்கள். 2002 முதல் 2019 வரை டைட்டனின் நிர்வாக இயக்குநராக இருந்த பாஸ்கர் பட், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். அப்படிப்பட்டவரே கோத்ரெஜில் பயிற்சி நிலை வேலையில்தான் தொடங்கினார். 1983-இல் டாடாவின் கடிகாரத் திட்டத்துக்கு வந்து, விற்பனையிலும் சந்தைப்படுத்தலிலும் ஆண்டுக்கணக்காக உழைத்த பிறகே தலைமைக்கு வந்தார். அவருக்கு அடுத்து வந்த சி.கே. வெங்கட்ராமன் 1990-இல் டைட்டனில் சேர்ந்தவர்.

ஆகவே 22 வயதில் ஸ்ட்ராட்டஜி என்ற பெயரில் முதல் வேலை கிடைப்பது அரிது. அப்படி எடுக்கும் பெரிய ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் மேல்தட்டில் உள்ள சில கல்லூரிகளுக்குத்தான் வருகின்றன. பெரும்பாலான எம்.பி.ஏ. பாடத்திட்டங்களில் வியூக மேலாண்மை, எல்லாத் துறையையும் படித்த பின் அவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் ஒரு தாள்தான். நிதி, விற்பனை, சப்ளை செயின், மனிதவளம் இவற்றில் ஒன்றில் கை தேர்ந்திருந்தால்தான் அந்தத் தாளே விளங்கும்.

மகளுக்கு நான் சொல்லும் வழி இது. முதலில் இரண்டு மூன்று ஆண்டு வேலை. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவு, கோவையில் பம்ப் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவு, ஏதாவது ஒரு வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவு என எதுவானாலும் சரி. பொருள் எங்கே தேங்குகிறது, பணம் எங்கே முடங்குகிறது என்று அருகிலிருந்து பார்க்கும் இருக்கையாக இருக்க வேண்டும். தலைமைப்பண்பும் அங்கேதான் வரும். தன்னைவிட இருபது வயது மூத்த சூப்பர்வைசரிடம் மரியாதை குறையாமல் வேலை வாங்கிப் பழகுவதை எந்த வகுப்பும் கற்றுத்தராது.

வேலையோடு, ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வுக்குத் தயாராகட்டும். வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறன்று நடக்கும். ஆங்கிலம், தரவு-தர்க்கம், கணக்கு என மூன்று பகுதிகள், மொத்தம் 2 மணி நேரம். பி.காம். மாணவர்கள் பயப்படுவது கணக்குக்கு. ஆனால் அது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மட்டத்து அடிப்படைதான், வேகம்தான் சவால். பல ஐ.ஐ.எம்.களில் வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. 2011 முதல் இயங்கும் திருச்சி ஐ.ஐ.எம்.மும் சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறையும் கேட் வழியாகத்தான் எடுக்கின்றன. ஊருக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில் படிக்க விரும்பினால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வான டான்செட் எழுதலாம். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அதன் மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு.

இப்போது கடன் விஷயம். உங்கள் பயம் நியாயமானது. 9 இலட்சத்தை 10.5 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 15,200 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியையும் சேர்த்தால் இன்னும் கூடும். முதல் சம்பளம் 25,000 என்றால் வெளியூரில் விடுதி வாடகை கொடுத்து அவர் எப்படிக் கட்டுவார்? கடைசியில் அது உங்கள் ஓய்வூதியப் பணத்தில்தான் வந்து விழும்.

அதற்குப் பிறகும் அந்தக் கல்லூரியை மகள் விடாப்பிடியாகக் கேட்டால், ஒருமுறை நேரில் போய் வாருங்கள். அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதைத்தான் விளம்பரத்திலேயே போட்டிருப்பார்களே. சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வளாகத்தில் வேலை கிடைத்தது, சம்பள வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்கு எவ்வளவு, பணி நியமனக் கடிதத்தில் பதவியின் பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளிடம் தயவுசெய்து "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். அவருக்கு இந்தத் துறையில் உண்மையான ஈடுபாடு இருக்கிறதா என்று பார்க்க, பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவருக்குப் பிடித்த ஒரு நிறுவனத்தின் கடந்த ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து, நிர்வாகத்தின் விவாதப் பகுதியை (Management Discussion and Analysis) மட்டும் படிக்கட்டும். போன ஆண்டு சொன்னதை இந்த ஆண்டு செய்தார்களா, எதைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு அவருடனேயே நேரில் பேசுகிறேன்.