பொரித்த கோப்பை

கேள்வி: 2019 ஜனவரியில் பட்டியலின் அடியில் கிடந்த செயின்ட் லூயிஸ் புளூஸ் ஐஸ் ஹாக்கி அணி, ஜூனில் ஸ்டான்லி கோப்பையில் தன் பெயரைப் பொரித்துக்கொண்டதே, ரகசியம் என்ன? (பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், ஓசூர்)

பதில்: எண்ணெயிலா, நெய்யிலா? அப்பளம் பொரிக்கச் சின்ன 'ர', வெள்ளியில் பொறிக்கப் பெரிய 'ற'. எங்கள் தெரு மெஸ்ஸில் இதற்கு நேர்மாறாக, 'பொறித்த மீன்' என்று பலகை. மீனைப் பொறித்தவர்கள் பாண்டியர்கள், அதுவும் காசில். "மீன்மேல் என்ன பொறித்திருக்கிறீர்கள், திருக்குறளா?" என்று முதலாளியிடம் கேட்டேன். "வஞ்சிரம் சார், சூடா இருக்கு" என்றார். ஆறு வருடச் சண்டை இது. பலகைக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட்டார், 'ற' அசையவில்லை.

சரி, ரகசியம். நவம்பரில் பயிற்சியாளரை மாற்றினார்கள், கிரெய்க் பெரூபி வந்தார். அப்படியும் ஜனவரி 3 காலையில் 31 அணிகளில் கடைசி. 7ஆம் தேதி ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பரை முதல் முறையாக ஆரம்பத்திலிருந்தே நிறுத்தினார்கள். ஒரு கோல்கூட விடவில்லை. ஜூன் 12, பாஸ்டனில் இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். வந்த 33 அடியில் 32ஐத் தடுத்தார், 4-1. 1967இல் தொடங்கி, முதல் மூன்று வருடமும் இறுதிச்சுற்றுக்குப் போய் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் திரும்பிய அணிக்கு அதுதான் முதல் கோப்பை. வாசலில் நல்ல ஆள் நின்றால் வீடு பிழைக்கும், வேறென்ன.

எனக்குப் பிடித்தது அந்தக் கோப்பைதான். ஜெயித்தவர்கள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் தட்டிப் பதிப்பார்கள், எங்கள் பழைய அச்சகத்தில் ஈய எழுத்து கோத்த மாதிரி. எனவே பிழைகளும் அச்சக ரகம். 1972இல் பாஸ்டன் அணியின் ஆங்கிலப் பெயரில் இரண்டு 'ஓ'வும் 'கியூ' ஆகிவிட்டன. 1981இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் 'எஸ்'ஸைத் தொலைத்தது. 1963இல் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் பெயரில் 'எஃப்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஈ'. இலையென்றால் ஈ உட்காரத்தானே செய்யும்! கோப்பையைச் சுற்றியுள்ள பெயர்ப் பட்டைகள் நிரம்பினால் பழையதைக் கழற்றி டொரான்டோ அருங்காட்சியகத்தில் வைத்துவிடுகிறார்கள். ஈ இப்போது அங்கே.

1984இல் எட்மண்டன் ஆயிலர்ஸ் முதலாளி பீட்டர் பாக்லிங்டன், அணிக்குச் சம்பந்தமே இல்லாத தன் அப்பா பெயரைச் சேர்த்துவிட்டார். கண்டுபிடித்ததும், வெள்ளியை அழிக்க முடியாதே, ஒவ்வோர் எழுத்தின் மேலும் ஓர் 'எக்ஸ்' தட்டினார்கள். மொத்தம் பதினாறு. சிறப்பிதழ்தோறும் முதல் பக்கத்தில் தன் அப்பா படம் கேட்கும் விளம்பரதாரர் ஒருவர் எங்களுக்கும் உண்டு. அவர் இதைப் படிப்பார்.

புரூஃப் பார்க்கும் தம்பிக்கு: வாசகர் கேள்வியில் உள்ள சின்ன 'ர'வைத் திருத்திவிடாதே. திருத்தினால் நான் எழுதியது பாதி வீண்.