ஞாயிறு சாப்பாடும் ஸ்டைரோஃபோம் பெட்டியும்

சகோதரி, ஆராதனைக்குப் பிந்திய சாப்பாட்டில் ஸ்டைரோஃபோம் பெட்டியை நிறுத்தலாம் என்றதற்கு, "இது உலகத்தாரின் கொள்கை, ஆதியாகமம் 1:28 பூமியை ஆளத்தானே சொல்கிறது" என்று மூப்பர் மறுத்ததாக எழுதியிருந்தீர்கள்.

அந்த வசனத்தைத் தவிர்க்காமல் தொடர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். 2:15இல் தோட்டத்தைக் காக்கும் வேலை வருகிறது. லேவியராகமம் 25 ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கட்டளையிடுகிறது. அந்த ஓய்வை மறுத்ததன் கணக்கு 2 நாளாகமம் 36:21இல் தீர்கிறது: நிலம் 70 வருஷம் பாழாய்க் கிடந்து ஓய்ந்தது. இவையெல்லாம் இன்றைய சுற்றுச்சூழல் இயக்கத்துக்கு வெகு முந்தியவை. 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட் கிறிஸ்தவத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டே, அது இயற்கையை மனிதனுக்காக மட்டும் என்று பார்க்கிறது என்பதுதான். மூப்பரின் வாசிப்பு அந்தக் குற்றச்சாட்டை மெய்யாக்கிவிடும். மாற்றாக, படைப்புகளை உறவாகப் பார்த்த துறவி அசிசியின் பிரான்சிஸைக் காட்டியவரும் அதே வைட்தான்.

இனி நடைமுறை. சிங்கப்பூரில் ஸ்டைரோஃபோம் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டிக்கு ஆகாது. குப்பையை எரித்த சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள குப்பைக் கிடங்குக்குப் போகிறது, அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் மதிப்பீடு. "மக்கும்" தட்டு வாங்கி ஏமாறாதீர்கள், குப்பையில் போட்டால் இங்கே அதுவும் எரிக்கப்படும். எவர்சில்வர் தட்டு போதும். இம்மாதிரி முயற்சி கழுவ ஆளில்லாமல்தான் நிற்கும். ஆகவே தட்டு வாங்குமுன் கழுவும் முறைப்பட்டியலைப் போட்டு, மாதம் ஒரு ஞாயிறு என்று தொடங்குங்கள்.