சேறாகிப் போன வாட்டர் கலர் பெட்டி

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. 12 நிறம் உள்ள வாட்டர் கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் குழப்பிச் சேறாக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறான். பிரஷை வாயில் வேறு வைக்கிறான். இவனுக்கு ஓவியத்தில் ஆர்வமே இல்லையா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆர்வம் இல்லாதவன் பெட்டியைத் திறந்தே இருக்க மாட்டான். கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்தான், சேறு வந்தது, அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது, எழுந்து போய்விட்டான். பெட்டியைப் பரண் மேல் போடுங்கள், சமையலறைக்கு வாருங்கள்.

கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரைத்து, ஒரு வெள்ளைத் தாள் முழுக்க அவனையே பூசச் சொல்லுங்கள். திட்டுத் திட்டாகத்தான் வரும், வரட்டும். அது காய்வதற்குள் ஒரு கிண்ணத்தில் அரை ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்குங்கள், இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு. பிரஷ் கூட வேண்டாம், காது குடையும் பட்ஸ் போதும். சோடாத் தண்ணீரைத் தொட்டு மஞ்சள் தாளில் இழுத்தால் கோடு சிவப்பாக விழும். பையன் கண் விரிவதைப் பாருங்கள்! அதே கோட்டின் மேல் எலுமிச்சையை வைத்தால் லேசாக நுரைத்து மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான்; மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் என்ற நிறப்பொருள், சோடா, சுண்ணாம்பு மாதிரியான காரப்பொருள் (மிளகாய்க் காரம் இல்லை) பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அதற்காகச் சுண்ணாம்பை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள், தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் முகம் சுளிப்பான், அவ்வளவுதான், குடிக்க விடாமல் பக்கத்திலேயே இருங்கள். எலுமிச்சைக் கையால் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் "என்ன வரைஞ்சே, யானையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வீடுகளில் இது பெரிய வியாதி. "இதன் மேல் சோப்புத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? தயிர்?" என்று கேளுங்கள், முதலில் அவன் ஊகிக்கட்டும், அப்புறம் தொட்டுப் பார்க்கட்டும். சோப்புக்குச் சிவக்கும், தயிருக்கு அசையாது. சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதையும் காட்டலாம்.

பழைய பனியனை மாட்டிவிட்டு உட்கார வையுங்கள். துணியில் கறை பட்டால் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள், மஞ்சள் வெயிலுக்கு வெளுத்துவிடும். சுவருக்கு நான் பொறுப்பில்லை.