இளமஞ்சள்

கேள்வி: எங்கள் வீட்டை விற்பனைக்குப் போட்டு 5 மாதம் ஆகிறது. விலை நியாயமானதுதான் என்று புரோக்கரே சொல்கிறார். போட்டோ பார்த்து நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். ஆனால் நேரில் வந்தவர்கள் 11 பேர்தான், அவர்களில் ஒருவர்கூட மறுபடி வரவில்லை. செவ்வாய், வியாழன் மாலை 4 முதல் 5 வரை காட்டுகிறோம், ஒரு நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். அம்மா வாக்கிங் போகும் நேரம் அது. அவருடைய அறை மட்டும் பூட்டியிருக்கும். விற்கிற விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, தாங்கமாட்டார். சில நாள் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டால், பெயிண்ட் அடிக்க அளவெடுக்க வந்தவர்கள் என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். அவரும் ஹாலுக்கு இளமஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கிறார். வீடு என் பெயரில்தான் இருக்கிறது, அதனால் சிக்கல் ஏதும் இல்லை. எப்படிக் காட்டினால் சீக்கிரம் விற்கும்?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்

பதில்: தம்பி, 5 மாதம், 11 பேர், செவ்வாய், வியாழன் எல்லாம் படித்தேன். மனதில் நின்றது இளமஞ்சள் ஒன்றுதான். விற்கப்போகிற வீட்டுக்கு உங்கள் அம்மா பெயிண்ட் நிறம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். அதை நீங்கள் ஏதோ சிரிப்புக்குச் சொல்வதுபோல ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வீடு என் பெயரில்தான் என்று பத்திரத்தை எடுத்து நீட்டுகிறீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லையே.

சரி, முதலில் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் உங்கள் வீடு திறந்திருப்பது 2 மணி நேரம், அதுவும் வேலைக்குப் போகிறவர்கள் யாராலும் அசைய முடியாத நேரம். வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள், கடன் போட்டு வாங்குகிறவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது சாயங்காலம் வேலை முடிந்த பிறகு, இல்லாவிட்டால் விடுமுறை நாள். ஒரே நாளில் நாலு வீடு பார்க்கக் கிளம்பியவர் வழியிலிருந்து புரோக்கருக்குப் போன் போட்டு, "பக்கத்தில்தான் இருக்கிறோம், அதையும் பார்த்துவிடலாமா?" என்று கேட்பார். அந்தப் போனுக்கு உங்கள் வீட்டின் பதில் "வியாழக்கிழமை வாருங்கள்". அவர் வியாழக்கிழமைக்குள் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் ஒரு வீட்டுக்கு ஆள் அதிகம் வருவார்கள், ஏற்கெனவே தேடிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் புதிதாக வந்ததை ஒரு பார்வை பார்க்க நினைப்பார்கள். அந்த வாரங்களை நீங்கள் வாக்கிங்குக்குக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது வருகிறவர் கேட்கிற முதல் கேள்வியே "எத்தனை நாளாக விற்காமல் கிடக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும், இரண்டாவது கேள்வி விலையைக் குறைப்பது பற்றி.

அப்புறம் அந்தப் பூட்டின அறை. வீடு பார்க்கிறவர் கண்ணால் பார்த்ததை மறந்துவிடுவார், பார்க்க முடியாததைத்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசுவார். உள்ளே ஓதம் அடிக்கிறதோ, தளம் விரிசல் விட்டிருக்கிறதோ, யாராவது காலி செய்ய மறுத்து உட்கார்ந்திருக்கிறார்களோ என்று. அந்தக் கடைசிச் சந்தேகம் அநேகமாக உண்மை என்பதையும் யோசித்துப் பாருங்கள். காலி செய்து கொடுப்பீர்களா என்று கேட்டால், அந்த அறையில் இருப்பவரை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வீர்கள்?

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் நான் வீடு தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டு வாசலில் புரோக்கர் ஒரு கொத்துச் சாவியோடு நின்றார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கேட் திறந்தது, கிரில் திறந்தது, மரக் கதவு திறக்கவே இல்லை. மாடிச் சாவி வேறொருவரிடம் இருக்கிறதாம், அவர் போனை எடுக்கவில்லை. கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சாவியிலும் ஒரு சீட்டுக் கட்டி எந்தக் கதவு என்று எழுதுங்கள், மொட்டைமாடி, மீட்டர் பெட்டி உட்பட. ஒரு செட் புரோக்கரிடமும் இன்னொன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும். நகை, பத்திரம், பணம், மருந்து மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து ஒரு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், பூட்டு அதற்குத்தான். அறைகளெல்லாம் திறந்திருக்கட்டும். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு என்று புரோக்கரை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஆள் வருவதற்கு அரை மணி முன்னால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். நம் வீட்டு வாடை நம் மூக்குக்குப் பழகிப்போயிருக்கும், வருகிறவருக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். பகலானாலும் எல்லா விளக்கையும் போடுங்கள். அவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பார்கள், சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். நீங்கள் பின்னாலேயே போகாதீர்கள், வீட்டுக்காரர் கூடவே நடந்தால் கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொள்ளக்கூட முடியாது.

பிடித்தவர்கள் ஒரு தடவையோடு நிறுத்தமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அடுத்த தடவை வீட்டுப் பெரியவர்களோடு வருவார்கள், அதற்கடுத்து சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு இன்ஜினியரைக் கூட்டி வருவார்கள். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒருமுறை பார்க்க ஆசைப்படுவார்கள். செவ்வாய், வியாழனில் இதெல்லாம் எங்கே நடக்கும்?

இவ்வளவும் சொல்லிக் கொடுத்துவிட்டேன், ஆனால் இதில் ஒன்றைக்கூட உங்களால் செய்ய முடியாது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் நடுவில் அம்மா வாக்கிங் போயிருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவரிடம் "பேசாமல் பாருங்கள், யாராவது கேட்டால் பெயிண்டர் என்று சொல்லுங்கள்" என்று சொல்கிற ஆளிடம் யார் தன் ஆயுள் சேமிப்பைக் கொடுப்பார்கள்? பெற்ற தாயிடமே மறைக்கிறவன் நம்மிடம் எதை மறைக்கிறானோ என்றுதான் நினைப்பார்கள். நானாக இருந்தால் நினைப்பேன்.

"தாங்கமாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இந்த வார்த்தை இருக்கும். தாங்காதது யார் என்று தோண்டிப் பார்த்தால் அநேகமாகக் கடிதம் எழுதியவராகத்தான் இருப்பார். அம்மா அழுதால் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டுமே, "நான் எங்கே போவேன்?" என்று கேட்டால் பதில் வேண்டுமே. அந்தப் பதில் உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் இல்லை. விற்ற பிறகு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று எழுதவில்லை, அவர் எங்கே இருப்பார், அவருக்கு அங்கே ஓர் அறை உண்டா என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டை விற்பது தப்பே இல்லை. கடனுக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ விற்கிறவர்கள் எத்தனையோ பேர், அம்மாவின் சம்மதத்தோடும் சண்டையோடும் விற்றிருக்கிறார்கள். சண்டை போட்டாவது விற்கலாம். அவரைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

இன்னொன்று. 5 மாதமாக அவ்வப்போது ஒரு பெயிண்டர் வந்து, ஒரு தடவைகூட டேப் எடுத்து அளக்காமல், மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுப் போனால் ஒரு குடும்பத்தை நடத்தின பெண்மணிக்கு ஒன்றும் புரியாதா? உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் இளமஞ்சள் என்று சொன்னது சுவருக்காக இல்லையோ, நீங்கள் இப்போதாவது வாயைத் திறக்கிறீர்களா என்று பார்க்கத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். வீடு என் பெயரில் என்று ஆரம்பிக்க வேண்டாம். ஏன் விற்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், அவர் அறை எது என்ற மூன்றையும் முடிவு செய்துகொண்டு உட்காருங்கள். அழுதால் அழட்டும், எழுந்து போய்விடாதீர்கள். பெயிண்டர் கதையையும் நீங்களே சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். ஆள் பார்க்க வருகிற நேரத்தை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் விடுமுறை நாளிலும் கதவைத் திறக்கலாம், அந்தப் பூட்டின அறையை அவரே திறந்து காட்டவும் காட்டலாம். எந்தக் குழாய் மக்கர் பண்ணும், எந்த ஜன்னலில் காற்று வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

போகிற வீட்டில் அவர் அறைக்கு இளமஞ்சள் அடித்துக் கொடுங்கள். அளவெடுக்க இந்தத் தடவை நிஜமான பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.