சீனியர் என் வேலையைத் தன் வேலையாகக் காட்டுகிறார். ஆபீஸ் அரசியலில் சிக்காமல் ஒதுங்கி இருந்தால் போதுமா? இரவில் எனக்கு ஆபாச மெசேஜ்களும் அனுப்புகிறார்; தோழியோ அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறாள்.

ஒதுங்கி இருந்தால் போதாது. நானும் ஒதுங்கி இருந்து பார்த்தவன்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை, பர்ச்சேஸ் பிரிவு. நான்கு சப்ளையர்களின் தகடு விலையை, லாரி வாடகை, கடன் தவணை எல்லாம் சேர்த்து ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருந்தேன். இரண்டு வார உழைப்பு. மாதாந்திரக் கூட்டத்தில் என் சீனியர் அதைத் திரையில் போட்டு விளக்கினார். என் பெயர் வரவே இல்லை.

நான் செய்த முட்டாள்தனம், கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய்ப் புலம்பியது. சாயங்காலத்துக்குள் அது அவர் காதுக்குப் போய்விட்டது, நான் சொல்லாத இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து. அடுத்த ஒரு மாதம் எனக்கு வந்ததெல்லாம் பழைய பில் சரிபார்க்கும் வேலைதான்.

அப்புறம்தான் ஒரு பழக்கம் வந்தது. வாய்ப்பேச்சில் ஒரு வேலை கொடுத்தால், இடத்துக்கு வந்ததும் இரண்டு வரி மெயில்: "காலையில் பேசியபடி ஒப்பீட்டை நான் வியாழக்கிழமைக்குள் முடித்து அனுப்புகிறேன், சார்." அவ்வளவுதான். மேலாளரும் அந்தப் பேச்சில் இருந்திருந்தால் மட்டும் சிசி. எல்லா மெயிலிலும் அவரைச் சேர்த்தால் அதுவும் கோள் சொல்வதுதான், எழுத்தில்.

அடுத்த கூட்டத்துக்கு முன் சீனியரிடமே தனியாகக் கேட்டேன்: "சார், விலைப் பகுதியை நான் விளக்கட்டுமா?" "தாராளமா பண்ணுப்பா" என்றார். முதல் தடவை அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை தெரியாது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், உங்கள் சீனியர் இரவில் அனுப்பும் ஆபாச மெசேஜ்களையும் சொல்லியிருக்கிறீர்கள். 'ஆபீஸ்னா அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணு' என்று தோழி சொன்னாராம். அது அரசியல் கணக்கில் வராதுங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கென்றே 2013-இல் சட்டம் வந்திருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் வரை குழு நீட்டித்துத் தரலாம். கோபத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆபீஸ் லேப்டாப்பில் இல்லாமல் உங்கள் சொந்த மெயிலில் போட்டு வையுங்கள்.