ஆண்டுக்கணக்கில் வந்து குழந்தைகளின் உயரம், எடை அளந்து ஆய்வு செய்கிறார்களே, நன்றாக இருக்கும் பிள்ளையை எதற்கு அளக்க வேண்டும்?

உங்களுக்கு இது முதல் பிள்ளை என்று நினைக்கிறேன். "புள்ள நல்லாத்தானே இருக்கு டீச்சர், ஏன் மாசாமாசம் தூக்கித் தொங்கவிடுறீங்க?" என்று என்னிடமும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் 27 வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன்.

2011இல் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை. ஆகஸ்டில் 8.4 கிலோ, செப்டம்பரில் 8.4, அக்டோபரிலும் 8.4. வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சையில்தான், அதாவது வயதுக்கேற்ற எடை என்று காட்டும் பகுதியில்தான் இருந்தது. ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. மூன்றையும் சேர்த்துக் கோடு போட்டால்தான் படுத்துக் கிடப்பது தெரியும். அம்மா முந்திரி உடைக்கப் போய்விடுவாள், பாட்டிதான் பார்த்துக்கொள்வார். "வயிறு நெறஞ்சிதான் தூங்குது" என்றார். போய்ப் பார்த்தால் மூன்று வேளையும் டீயில் நனைத்த பன். சத்துமாவு மாட்டுக்குப் போயிருந்தது.

முட்டை, பருப்புச் சாதம் என்று பேசி மாற்றுவதற்குள் டிசம்பர் 30, தானே புயல். மையத்துக் கூரை போய்ப் பதிவேடெல்லாம் நனைந்தது. கரண்ட் கிடையாது. பாயில் விரித்துக் கல் வைத்து வெயிலில் காயவைத்தேன். பேனா எழுத்து கரைந்துவிட்டது, பென்சில் புள்ளிகள் அப்படியே நின்றன. முந்திரியும் பலாவும் சாய்ந்து ஊரே கையில் காசில்லாமல் இருந்தபோதும் எடை போடுவதை விடவில்லை. ஏப்ரலில் 9.3. என்னால்தான் ஏறியது என்று சொல்லவில்லை, வேறு காரணமும் இருந்திருக்கலாம். கோடு இல்லையென்றால் அந்த வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன், அவ்வளவுதான்.

  

சரி, ஆய்வுக்கு வருகிறேன். மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா நாட்டில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களில் பிள்ளைகளுக்குப் புரதம் கலந்த கஞ்சியும், வேறு சில கிராமங்களில் வெறும் இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தபோது, முதல் இரண்டு வயதில் கஞ்சி குடித்த ஆண்களின் மணிக்கூலி சுமார் 46 சதவீதம் கூடுதல். மூன்று வயதுக்குமேல் குடித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. ஒரே நாள் அளந்துவிட்டுப் போயிருந்தால் இது தெரிந்திருக்குமா?

வந்தால் அளக்க விடுங்கள். எடை போடும்முன் கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எழுதியதை உங்கள் நோட்டிலும் ஒருமுறை குறித்து வையுங்கள்.