பதில்: என் கதையில் அரசு அதிகாரி பொம்மை வில்லனாகத் தெரிகிறார்

கண்காணிப்புக் கதையில் வரும் அதிகாரியை யாரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரைக் கதையிலிருந்தே தூக்கிவிடுங்கள். நம் சிங்கப்பூரில் கண்காணிப்பெல்லாம் வசதி என்ற பெயரில்தான் வரும். கோவிட் காலத்தில் யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்று பதிந்த டிரேஸ்டுகெதர் செயலியும், அதற்கான டோக்கன் என்ற சிறு கருவியும் நினைவிருக்கிறதா? 2020இல் தொற்றுத் தடமறிய மட்டும் என்றார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அந்தத் தரவைக் கேட்கலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அடுத்த மாதமே, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். (அதற்குள் என் அம்மாவுக்கு அந்த டோக்கன் தாலி மாதிரி ஆகிவிட்டது. கழற்றச் சொன்னால் அப்போதெல்லாம் திட்டுவார்.)

உங்கள் நாயகியைக் கோப்பிக்கடையில் உட்காரவையுங்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தூண்மேல் இருக்கும் கேமராவைப் பார்த்துவிட்டு, "சரி விடு, கோப்பி ஆறுது" என்று பேச்சை மாற்றட்டும். கேமரா ஓடுகிறதா என்று கடைசிவரை சொல்லாதீர்கள்.